குமிழை இழுக்காதீர்கள்: காக்ஸ் டவுன் கொட்டகையில் 27 ஆண்டுகள் கிடந்த மெர்சிடஸ் 220டி

"அண்ணா, புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டோம். நாளைக் காலையில் தம்பி ஸ்டார்ட் செய்து பார்க்கட்டுமா?"

2023 ஜனவரியில் பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த அழைப்பு இது. பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவருடைய அப்பாவின் கார் 1996 முதல் வீட்டுப் பின்கட்டில், தகரக் கொட்டகையில் நிற்கிறது; மெர்சிடஸ், டீசல் என்றார். "பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. நான் வந்து பார்க்கும்வரை அந்தக் குமிழை யாரும் இழுக்க வேண்டாம்" என்றேன். எந்தக் குமிழ் என்று அவர் கேட்கவில்லை. அப்பா அதை இழுப்பதைப் பின்சீட்டிலிருந்து பார்த்து வளர்ந்தவர்.

அந்தக் கால மெர்சிடஸ் டீசல் கார்களில் சாவி இன்ஜினைக் கிளப்பாது. டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதைப் பாதி இழுத்துப் பிடித்தால், கிளப்புமுன் சிலிண்டர்களைச் சூடாக்கும் குளோ பிளக்குகள் சூடேறும். டாஷ்போர்டில் ஒரு சிறு கம்பிச்சுருள் சிவந்து 'சூடு போதும்' என்று காட்டும். முழுதாக இழுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும். 27 ஆண்டுகள் அசையாமல் நின்ற இன்ஜினில் அந்தக் கடைசி இழுப்புதான் வினை. சிலிண்டர் சுவரில் துருவேறி ஒட்டிக்கொண்ட பிஸ்டன் வளையங்களை ஸ்டார்ட்டரின் முரட்டுச் சுழற்சி முறித்துவிடும். எண்ணெய் வடிந்து வறண்ட பேரிங்குகள் கீறிக்கொள்ளும். மூன்றாவதாக ஓர் ஆபத்து இந்த மாடலுக்கே உரியது: இன்ஜின் கிளம்பிவிடும், ஆனால் நிற்காது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

கார் வந்த வழி

கதவுத் தூணில் இருந்த தகட்டில் சேசிஸ் எண் 115110-20 என்று தொடங்கியது. 115110 என்றால் டபிள்யூ 115 வகை 220டி. அடுத்து வரும் 2, வலப்பக்க ஸ்டியரிங்கைக் குறிக்கும். 0, கையால் போடும் கியரை. பால் பிராக் வடிவமைத்த இந்த வரிசை 1968-இல் வெளிவந்து 1976 வரை தயாரானது. 2,197 சி.சி., நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன், அதிகபட்ச வேகம் மணிக்கு 135 கிலோமீட்டர். இன்றைய சிறிய ஹேட்ச்பேக்கூட இதை முந்திவிடும்.

ஜெர்மனியில் இது வாடகைக் காராக ஓடிய வண்டி. ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் இறங்கியவர் இதில்தான் ஏறியிருப்பார். நம் ஊரிலோ, ஃபியட்டும் அம்பாசடரும் மட்டுமே ஓடிய தெருவில் இது வந்து நின்றால் வீட்டுக்கு வீடு வாசலில் ஆள் நிற்கும். வெளிநாட்டுக் காரைப் புதிதாக இறக்குமதி செய்வது அன்று சாமானிய வணிகரால் ஆகாத காரியம். தூதரகங்கள் பயன்படுத்திக் கழித்த கார்களை அரசு நிறுவனமான ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றது. வசதியுள்ளவர்கள் அவற்றுக்குக் காத்திருந்து வாங்கினார்கள். சிவாஜிநகரில் மரக்கடை வைத்திருந்த அந்த அப்பாவும் டெல்லியில் அப்படி வாங்கி, டிரைவரோடு சாலை வழியாகவே பெங்களூருக்குக் கொண்டுவந்திருக்கிறார். பதிவுச் சான்றில் 1974 மார்ச். 1996-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றோடு கார் நின்றது.

கொட்டகையில் கண்டது

காரின் மேல் நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது. நல்லெண்ணத்தில் செய்தது; காருக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரின் காற்று, சென்னை, மும்பைக் காற்றைப்போல உப்போடு வருவதில்லை. சும்மா விட்டிருந்தால் தூசிதான் படிந்திருக்கும். பிளாஸ்டிக் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைத்து, கூரைத் தகட்டில் கொப்புளம் கொப்புளமாகப் பெயின்ட்டை எழுப்பியிருந்தது. பழைய காரை மூடியே ஆக வேண்டுமென்றால் பருத்தித் துணி போதும்.

நான்கு டயர்களும் ரிம்மில் உட்கார்ந்துவிட்டன. கைபிரேக் இழுத்து விட்டிருந்ததால் பின்சக்கரங்கள் இரண்டும் டிரம்மோடு பிடித்துக்கொண்டிருந்தன. பேட்டரித் தட்டு அமிலத்தில் அரித்துப் பொக்கையாகியிருந்தது. டீசல் டேங்கின் மூடியைத் திறந்தபோது டீசல் வாடை வரவில்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல் நெடி ஏறியது. ஓடோமீட்டரில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். இந்த இன்ஜினுக்கு அது பாதி ஆயுள்கூட இல்லை.

ஒரு தகவலைத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மெக்கானிக்கை அழைத்து, வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்துப் பார்த்தார்களாம். 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டதாம். நல்ல வேளை, அது அப்படியே நின்றது.

இழுவை வண்டியில் ஏற்றுவதற்குமுன் சக்கரங்களைக் கழற்றி, டிரம் ஷூக்களைத் தளர்த்தி, வேறு டயர் மாட்டி உருட்டினோம். பூட்டிய சக்கரத்தோடு வின்ச்சில் இழுத்து ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தை மிச்சம்பிடித்து, பின் அச்சுக்கு ஒரு மாத வேலை வைப்பார்கள்.

இன்ஜின்

பழைய மெட்ராஸ் சாலைப் பக்கம் எங்கள் ஒர்க்‌ஷாப். அங்கே இருக்கும் மேஸ்திரிக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இளமையில் டாடா மெர்சிடஸ் லாரிகளில் கை கறுத்தவர். அவர் கையாளும் முறையில் வேகம் என்ற சொல்லுக்கே இடமில்லை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் குளோ பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கியர் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்த கலவையைச் சிறிது ஊற்றினார். துணியால் வாயை அடைத்தார். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள், இன்ஜினின் முன்பக்கம் கிராங்க் தண்டின் போல்ட்டில் 27 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டு, கையை வைத்து எடை பார்ப்பதுபோல அழுத்தினார். அசையவில்லை. மறுபடி கலவை, மறுபடி காத்திருப்பு. பன்னிரண்டாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அங்கிருந்து முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக ஆட்டி, மாலைக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது.

இன்ஜினை, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் போல்ட்டைப் பிடித்துத் திருப்பக்கூடாது. அது எளிதாகக் கைக்கு எட்டுவதால் பலர் அதைத்தான் பிடிப்பார்கள். டைமிங் செயினும் அந்த போல்ட்டும் தாங்க வேண்டிய சுமை அதுவன்று.

சுழன்ற பிறகு எண்ணெய் மாற்றி, வால்வு இடைவெளி சரிசெய்து, இன்ஜெக்டர் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்தோம். ஏறியது. சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்தபோது நான்கு சிலிண்டரும் 20 முதல் 22 பார் வரை காட்டின. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறக்கத் தேவையில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தோம். அந்த அம்மையாருக்கு அன்று மிச்சமான பணம்தான் இந்த வேலையிலேயே பெரிய மிச்சம். திறந்து பார்த்துவிடலாமே என்று சொல்ல எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது.

தோல்

இனி அந்த மூன்றாவது ஆபத்து. பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் இன்ஜின் நிற்கும். டீசலில் தீப்பொறியே கிடையாது. எரிபொருள் போகும்வரை ஓடும். எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று முடிவு செய்வது இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் பின்னால் இருக்கும் கவர்னர். இந்தக் காரின் பாஷ் பம்பில் இருப்பது காற்றழுத்தத்தால் இயங்கும் கவர்னர். இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஒரு மடல் உண்டு. மடல் மூடியிருந்தால் அங்கே வெற்றிட இழுவை அதிகம். ஒரு ரப்பர்க் குழாய் வழியாக அந்த இழுவை கவர்னருக்குள் சவ்வுபோல இருக்கும் டயாஃபரத்தைப் பின்னுக்கு இழுத்து, பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக்கைக் குறைந்த டீசலுக்குக் கொண்டுபோகும். இழுவை இல்லாவிட்டால் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும்.

அந்த டயாஃபரம் தோலால் ஆனது. 27 ஆண்டுகள் எண்ணெய் காணாத தோல், ஆடிமாத வெயிலில் விட்ட செருப்புபோல ஆகியிருக்கும். அதில் ஒரு விரிசல் இருந்தாலே போதும், இழுவை தங்காது. இன்ஜின் கிளம்பிய நொடியில் ரேக் முழு டீசலில் நிற்கும். முடுக்கியைத் தொடாமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். பழைய டீசல்காரர்கள் இதை 'வண்டி ஓடிப்போச்சு' என்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், இன்ஜின்தான் ஓடிப்போகும். கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது வரை போகக்கூடியது அது.

சோதனை எளிது. பம்பில் இருக்கும் நிறுத்தும் நெம்புகோலை 'நிறுத்து' நிலைக்குத் தள்ளி, கவர்னரின் ரப்பர்க் குழாய் வாயை விரலால் அடைத்து, நெம்புகோலை விட வேண்டும். தோல் நன்றாக இருந்தால் உள்ளே சிறைப்பட்ட இழுவை நெம்புகோலைப் பிடித்துவைத்திருக்கும். எங்கள் கையில் அது உடனே திரும்பி வந்தது. அத்தோடு, நெம்புகோல் வரும்போது நடுவில் ஓரிடத்தில் தயங்கியது. அதாவது தோலும் போய்விட்டது. பழைய டீசலின் பிசினில் ரேக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று கேபிள் கொடுத்த அந்த மெக்கானிக்கின் ஸ்டார்ட்டர் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. மேஸ்திரி சொல்லிவிட்டார்.

பம்பைக் கழற்றி கலாசிபாளையம் பக்கத்துப் பம்ப் கடைக்கு அனுப்பினோம். பிரித்துக் கழுவி, பெஞ்சில் ஏற்றி, நான்கு வழியிலும் சமமாக டீசல் போகுமாறு அளந்து கொடுத்தார்கள். புதுத் தோல் டயாஃபரம் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. இன்ஜெக்டர்கள் நான்கில் இரண்டின் நாசில் சொட்டு ஒழுகியது, மாற்றினோம். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் தார்போல ஒரு படிவு. அதை நீராவியில் கழுவி, வடிகட்டியை மாற்றி, ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டோம். கவர்னர் குழாயும் அதில் அடக்கம். தோல் புதிதாக இருந்து குழாய் வெடித்திருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

குளோ பிளக்கைப் பற்றி ஒரே வார்த்தை. இந்தக் கால மாடலில் நான்கும் ஒரே வரிசையில் தொடராக இணைந்தவை, பழைய தீபாவளி சீரியல் விளக்கு மாதிரி. ஒன்று போனால் நான்கும் சூடேறாது. டாஷ்போர்டுச் சுருள் சிவக்கவில்லையென்றால் முதலில் அங்கே பாருங்கள்.

டெம்போவிலிருந்து வந்த தானம்

உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லியே இந்தக் கார்களைப் பலர் எடைக்குப் போட்டார்கள். அவர்களுக்குத் தெரியாதது, இந்த இன்ஜினின் தம்பி நம் தெருக்களில் ஓடிக்கொண்டே இருந்தான் என்பது. 220டியில் இருப்பது ஓ.எம். 615; அதன் சிலிண்டர் துளையைச் சற்றே அகலமாக்கிச் செய்தது 240டியின் ஓ.எம். 616. அந்த 616-ஐ டைம்லர் பென்ஸ் உரிமத்தில் புனே பஜாஜ் டெம்போ 1980களிலிருந்து இங்கேயே செய்தது. நிறுவனம் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. டிராக்ஸிலும் டிராவலரிலும் அந்தக் குடும்பத்து இன்ஜின் ஓடியது. பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண கோஷ்டியையும் ஏற்றிப் போன வேனுக்குள் மெர்சிடஸ் இதயம்!

ஜே.சி. சாலையில் டெம்போ உதிரிபாகக் கடைக்குப் பழைய பாகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போனோம். எண்ணெய் வடிகட்டி, வால்வு சீல்கள், டைமிங் செயின் ஆகியவை பக்கத்தில் வைத்து அளந்ததில் பொருந்தின. செலவு ஜெர்மன் விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பிஸ்டன், வளையம் போன்றவை பொருந்தா. 220டியின் துளை 87 மில்லிமீட்டர், 616-க்கு 91-ஐ ஒட்டியது. எந்தப் பாகமானாலும் பழையதை எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்க வேண்டும். "அதேதான் சார்" என்று கவுண்டரில் சொல்வதை நம்பி வந்து இரண்டு முறை திரும்பிப் போனேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. காற்று உள்ளே போகும் வாய்க்கு அருகே தடித்த பிளைவுட் பலகையும் ரப்பர்ப் பாயுமாக மேஸ்திரி நின்றார். இன்ஜின் ஓடிப்போனால் மூச்சை அடைக்க. பம்பின் நெம்புகோல் அருகே பையன். குமிழை இழுக்கும் உரிமை அந்த அம்மையாருக்கு. சுருள் சிவந்தது. முதல் இழுப்பில் இருமல் மட்டும். இரண்டாவதில் கிளம்பியது. ஒர்க்‌ஷாப் முழுதும் வெள்ளைப் புகை. எண்ணெய் அழுத்த முள் நேரே 3-இல் போய் முட்டி நின்றது. ஒரு நிமிடத்தில் புகை தெளிந்து, பழைய தையல் இயந்திரம்போல ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தது. மேஸ்திரி பலகையைக் கீழே வைக்க இன்னும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

என் தவறு

பிரேக் விஷயத்தில் நான் சறுக்கினேன். இந்தக் காரில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்; கொட்டகையில் பிடித்துக்கொண்டிருந்த டிரம் கைபிரேக்குக்கு மட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அந்த ஈரம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன்களைத் துருவேற்றியிருந்தது. எல்லாவற்றையும் பிரித்துச் சீல் மாற்றினோம். மாஸ்டர் சிலிண்டரும் புதிது. முன்பக்க ரப்பர் ஹோஸ்கள் வெடித்திருந்தன, மாற்றினோம். பின்பக்க ஹோஸ்கள் பார்க்க நன்றாக இருந்தன. விட்டுவிட்டேன்.

அக்டோபரில் முதல் சாலைச் சோதனை, அல்சூர் ஏரியைச் சுற்றி. குருத்வாராவைத் தாண்டும்போது கார் கனத்தது. இரண்டாம் கியரிலும் திணறியது. இறங்கிப் பார்த்தால் வலப் பின்சக்கரத்திலிருந்து புகை. பழைய ஹோஸ் வெளியே வழவழப்பாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது. மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடுகிறது, திரும்பி வர வழியில்லை. ஆகவே பிரேக் விடுபடவில்லை. காலிப்பரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்கி, பிரேக்கைத் தொடாமல் முதல் கியரில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். ஆயிரம் ரூபாய்ப் பொருளை மிச்சம்பிடித்ததற்கு டிஸ்க்கும் பேடும் போயின. அதன் செலவை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். பத்தாண்டுக்கு மேல் நின்ற காரில் ரப்பர் என்று பெயருள்ள எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

மின்சாரத்தில் பெரிய தொல்லை இல்லை. பீங்கான் ஃபியூஸ்களின் முனைகள் பச்சை பிடித்திருந்தன. துடைத்து மாற்றியதும் பாதி விளக்குகள் தாமாக எரிந்தன. மீதியை எலி கடித்திருந்தது. சீட்டின் வினைல் கிழியாமல் இருந்ததற்கு ஜெர்மானியரைப் பாராட்ட வேண்டும். ஆனால் உள்ளே திணித்திருந்த, ரப்பர் பூசிய நார்மெத்தையில் எலிகள் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தன. தென்னை நாரையும் முடியையும் அடைத்துச் செய்யும் சீட்டுக்கு ஆள் தேட நாங்கள் தொலைவு போகவேண்டியிருக்கவில்லை. சிவாஜிநகரில் மெத்தைக் கடை பாய் ஒருவர், தன் அப்பா காலத்துச் சோபா வேலை இதுதான் என்று சொல்லி நான்கு நாளில் முடித்துக் கொடுத்தார்.

பெயின்ட் அடிக்கவில்லை. கூரைக் கொப்புளங்களை மட்டும் டிங்கர் சுரண்டி, அந்த வெளிறிய சந்தன நிறத்தைச் சேர்த்துப் பூசினார். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒட்டு தெரியும். தெரியட்டும் என்றார் அம்மையார். முன் கதவில் அவருடைய அப்பாவின் மோதிரம் உரசி உரசித் தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறது. புதுப் பெயின்ட்டில் அது போய்விடும். எல்லாம் சேர்த்து ஐந்தே முக்கால் லட்சம் ஆனது.

தாள்

1988 மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் காரின் பதிவு எப்போதோ காலாவதியாகியிருந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சில் இந்தக் காருக்கு 50 நிறைந்தது. தம்பிக்கு அதில்தான் ஆசை. ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். அம்மையாருக்கோ வெள்ளிக்கிழமை தோறும் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு அதில் போக வேண்டும். "கண்காட்சிக்கு வைக்கவா அண்ணா இவ்வளவு செய்தோம்?" என்று கேட்டார். அக்காவும் தம்பியும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை. நான் அக்கா பக்கம். சாதாரணப் புதுப்பித்தலுக்கே விண்ணப்பித்தோம்.

தகுதிச் சோதனைக்கு வந்த ஆய்வாளர் விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கா சான்று கேட்கிறீர்கள்?" என்றார். அம்மையார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து குமிழைப் பாதி இழுத்து, சுருள் சிவக்கும்வரை ஒரு தலைமையாசிரியையின் பொறுமையோடு அவரைக் காத்திருக்கச் சொன்னார்.

சான்று வந்துவிட்டது. இடது பின்கதவின் கண்ணாடி மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது; அதன் பல்சக்கரம் பொருந்துமாறு ஒன்று கிடைத்ததும் மாற்ற வேண்டும்.